பூக்கட்டிப் பார்த்த மாத்திரை

அங்கிட்டுப் போறதுக்கு என்னம்மா அவசரம்? ஆத்மநாதன் வீடு எங்கயும் ஓடிப்போயிடாது. அந்த வேப்பமரத்தைத் தாண்டுனா மூணாவது வாசல். மொதல்ல இந்தச் சேர்ல ஒக்காருங்க. புதுக்கோட்டையிலேருந்து டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்கீங்கன்னு ஒங்க மொகமே சொல்லுது. மோர் குடிங்க. உப்பும் பெருங்காயமும்தான் போட்டிருக்கு, ஒங்க ஆராய்ச்சிக்கு அதனால ஒரு குந்தகமும் வராது.

என்னைக் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சாச்சா? அதெப்படி, இன்னும் அரைக் காயிதம் வெள்ளையாக் கெடக்கே. என் முட்டியைப் பத்தி இன்னொரு தடவை கேளுங்க, சொல்றேன். ஒரு குறையும் இல்ல, அப்படியே எழுதிக்கங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி ஒவ்வொரு படிக்கும் நறுக்கு நறுக்குன்னு ஒரு சத்தம் வரும். எனக்குப் பின்னாடி யாரோ முறுக்குத் தின்னுக்கிட்டே வர்றாப்புல இருக்கும். இப்ப சத்தமும் இல்ல, வலியும் இல்ல. ஒங்க கடுதாசியும் வந்து சேந்துச்சு. முத்துராமன், எழுபத்தொரு வயசு, இவருக்குக் குடுக்கப்பட்டது மருந்துள்ள மாத்திரைன்னு அச்சுல போட்டு, டாக்டர் கையெழுத்தும் வெச்சிருந்தாரு.

வந்துச்சு, வந்துச்சு. அவனுக்கும் வந்துச்சு. தபால்காரர் ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே கையில குடுத்தாரு. ஆத்மநாதனுக்குக் கண்ணுல பொறை விழுந்திருக்கு, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரித் தெரியுதாம். ஆபரேஷனுக்கு வாடான்னா மாட்டேங்குறான். அவன் வீட்டுக்கு வர்ற கரண்ட்டு நோட்டீசுலேருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் நான்தான் வாசிச்சுச் சொல்றது. வாசிச்சாச்சும்மா, வாசல்ல ஒக்கார வெச்சு நிறுத்தி நிதானமா வாசிச்சேன்.

அப்பறமும் ஏன் ஒங்களைப் போக விடலையா? ஒளிக்காம சொல்லிடறேன். நீங்க நேராப் போயி, ஐயா, ஒங்களுக்குக் குடுத்தது வெத்து மாத்திரை, அதுல மருந்தே இல்ல, வெறும் மாவுதான்னு வெளக்குவீங்க. அது ஒங்க கடமை. அந்த ஒரு வார்த்தை மட்டும் அவன் காதுல விழக் கூடாது. அதுக்குத்தான் இந்த மோர், இந்த விசிறி, இந்த உபசாரம் எல்லாம்.

இருங்க, எந்திரிக்காதீங்க. முழுசாக் கேட்டுட்டு எந்திரிங்க.

எங்க மலைக்கோயில் தெரியும்ல? நூத்திமுப்பது படி. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நானும் அவனும் மேல போயி சாமி முன்னாடி பதிகம் பாடுவோம். முப்பத்திரெண்டு வருசமா இது நடக்குது. மொத அடியை நான் எடுப்பேன், மறு அடியை அவன் வாங்குவான். எனக்குச் சொல்லு சுத்தம், அவனுக்குக் குரல் சுத்தம். என் பாட்டைக் கேட்டா சாமி கோயிலை விட்டுட்டு எறங்கிப் போயிடும்பான். அவன் ளகரத்தைக் கேட்டா சாமிக்குப் பல்லு கூசும்பேன். இதே சண்டையோடதான் ஏறுவோம், இதே சண்டையோடதான் எறங்குவோம். சந்நிதியில நிக்கிற நேரம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே வாயி.

அவன் வீட்டம்மா போன வருசம் சித்திரையில தவறிப்போச்சு. அந்தக் கையோட அவன் முட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தவன்தான். முட்டி தேஞ்சது வாஸ்தவம். படத்துல நீங்களே காட்டுனீங்க. ஆனா தேஞ்சது முட்டி மட்டும் இல்லம்மா. ஒரு வருசம் வாசப்படி தாண்டல. நான் ஒத்தையில மலையேறுவேன். பழக்கதோஷத்துல மொத அடியைப் பாடிட்டு, மறு அடிக்காக வாயை மூடிக்கிட்டு நிப்பேன். மேல தொங்குற வவ்வாலு கீச்சுன்னு ஒரு பதில் சொல்லும். அதுக்கும் ளகரம் வராது.

சிரிங்க, சிரிங்க. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரல.

அந்தச் சமயத்துலதான் நீங்க வந்தீங்க. பதினாலு ஊர்ல முன்னூத்திப் பன்னெண்டு பேரு, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெத்து, யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், குடுக்கிற எங்களுக்கே தெரியாது, முடியிற வரைக்கும் டாக்டருக்கும் தெரியாதுன்னு சமுதாயக்கூடத்துல நின்னு சொன்னீங்களே. ஊருல பாதிப் பேருக்குப் புரியல. எனக்கு ஒடனே புரிஞ்சுது. இது நம்ம பூக்கட்டிப் பாக்குறதுதானே! ஒரு எலையில வெள்ளைப் பூ, ஒரு எலையில செவப்புப் பூ, ஒண்ணுபோல மடிச்சு நூல் சுத்தி சாமி காலடியில போட்டா, கட்டுனவனுக்கும் தெரியாது, எடுக்குற கொழந்தைக்கும் தெரியாது. பொண்ணு பாக்கலாமா, கெணறு வெட்டலாமா, எல்லாத்துக்கும் எங்க சனம் இப்படித்தானே கேட்டுக்கிட்டு இருக்கு? ஒங்க கம்ப்யூட்டர் எங்ககிட்ட பாடம் படிச்சிருக்குன்னு ஆத்மநாதன்கிட்டச் சொன்னேன்.

சும்மா சொல்லி வெச்சது வெனையாப் போச்சு. அப்படின்னா மொதல்ல சாமிகிட்டக் கேப்போம், எனக்கு நல்ல மாத்திரை வரும்னா வெள்ளை வரட்டும், அப்பத்தான் ஒங்க காயிதத்துல கையெழுத்துன்னுட்டான். நானும் லீவுக்கு வந்திருந்த அவன் பேரன் பிரசாந்தும் அவனை நாற்காலியோட தூக்கிக்கிட்டு அடிவாரத்துப் புள்ளையார்கிட்டப் போனோம். அவன் பேருக்குப் பூ கேட்டோம். வெள்ளை! அவன் மொகத்தை நீங்க பாத்திருக்கணும். அதுக்கு மொதநாள் வரைக்கும் சாமி என்னைக் கைவிட்டுருச்சுன்னு சொவத்தைப் பாத்துப் பேசிக்கிட்டு இருந்தவன்மா. அந்த எலையைப் பிரிச்ச கையோட, பாத்தியாடா முத்து, இன்னும் எங்கிட்டப் பேசுறாருடான்னு சின்னப்புள்ள மாதிரி அழுதான்.

எனக்கா? எனக்கும் கேட்டோம். எனக்குச் செவப்பு.

அதான். ஒங்க கம்ப்யூட்டரு ரெண்டையும் தலைகீழாப் போட்டிருக்கு. செவப்பு வந்தவனுக்கு மருந்து, வெள்ளை வந்தவனுக்கு மாவு.

அந்த மாவை அவன் எப்படிச் சாப்பிட்டான்னு கேளுங்க. குளிச்சு, திருநீறு பூசி, கெழக்கப் பாத்து நின்னு, தீர்த்தம் வாங்குற மாதிரி உள்ளங்கையில வாங்கி. மாத்திரையோட தெனம் நடக்கணும், காலை நீட்டி மடக்கணும்னு நீங்க எல்லாருக்கும் சொன்னீங்க. நான் ஒரு நாள் செய்வேன், ஒரு நாள் விட்டுடுவேன். அதையும் எழுதிக்கங்க, மறைக்கல. அவன் ஒரு நாள் விட்டதில்ல. மொத வாரம் வாசல் வரைக்கும். அப்பறம் வேப்பமரம். அப்பறம் டீக்கடை. வலிக்குப் பத்துக்கு எத்தனைன்னு நீங்க மாசாமாசம் கேட்டதுக்கு அவன் சொன்ன கணக்கு ஒங்ககிட்டயே இருக்குமே? எட்டுல ஆரம்பிச்சு ரெண்டுல வந்து நிக்குதா? பாத்தீங்களா. போன பிரதோஷத்துக்கு நூத்திமுப்பது படியும் ஏறிட்டான்மா. நடுவுல நாலு எடத்துல ஒக்காந்தான். வலியினால இல்ல, என்னைத் திட்டுறதுக்கு. நான் மொத அடியைப் பாடிட்டு நிறுத்துனேன். மறு அடி வந்துச்சு. அதுக்கப்பறம் ரெண்டு பாட்டை அவனையே பாட விட்டேன். இருமல்னு சொல்லிச் சமாளிச்சேன்.

இப்ப நீங்க போயி மாவுன்னு சொன்னீங்கன்னா, மாத்திரை ஏமாத்திடுச்சுங்கறதைக்கூட அவன் தாங்கிக்குவான். அந்த வெள்ளைப் பூ ஏமாத்திடுச்சுன்னா? மறுபடியும் சொவத்தைப் பாத்துப் படுத்துடுவான். இந்தத் தடவை நாற்காலியோட தூக்க எனக்குத் தெம்பு இல்ல.

இருக்கலாம்மா, நீங்க சொல்றதும் இருக்கலாம். வெத்துன்னு தெரிஞ்சப்பறமும் நல்லா நடக்குறவங்க நெறையப் பேரு இருக்காங்க, நடந்தது அவரோட சொந்த மொயற்சிதான்னு எடுத்துச் சொன்னா சந்தோசந்தான் படுவாருங்கறீங்க. நூத்துக்கு எத்தனை பேருன்னுகூட ஒங்களால சொல்ல முடியும். ஒங்களுக்கு முன்னூத்திப் பன்னெண்டு பேரு. ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன ஆனாலும் சராசரி நிக்கும். எனக்கு ஆத்மநாதன் ஒருத்தன்தான்.

அவருக்காகப் பேசுறீங்களா, ஒங்களுக்காகப் பேசுறீங்களான்னா... நல்லாத்தான் கேக்குறீங்க, தாயி. சின்ன வயசுன்னு நெனைச்சேன். எனக்காகத்தான், எழுதிக்கங்க.

என்ன, கடுதாசியா? ஆமா, கடுதாசியிலதான் எல்லாம் அச்சாகியிருந்துச்சே. அதை வாசிச்சுச் சொல்லிட்டேன்னு நானே சொன்னேன். அப்பறம் எப்படி அவனுக்குத் தெரியாம இருக்கும்? சரியான எடத்துல கையை வெச்சுட்டீங்க.

வாசிச்சேன். ரெண்டையும் வாசிச்சேன். அவன் கடுதாசியை எம்பேருக்கும், என் கடுதாசியை அவன் பேருக்கும் வாசிச்சேன்.

அப்படிப் பாக்காதீங்கம்மா. எழுபத்தொரு வருசத்துல மொத மொதலாச் சொன்ன பொய்யின்னு சொன்னா அது ரெண்டாவது பொய்யாயிடும். ஆனா நெத்தி நெறையத் திருநீறு பூசிக்கிட்டுச் சொன்னது இதுதான் மொதத் தடவை. அன்னைக்கே மலையேறி, சந்நிதியில ஒத்துக்கிட்டேன். யோசிச்சுப் பாத்தா, நான் அப்படி வாசிச்சதுல ரெண்டு பூவும் சரியாப் போச்சுல்ல? அவனுக்கு வெள்ளை, எனக்குச் செவப்பு. சாமி சொன்னதை ஒங்க கம்ப்யூட்டர் மாத்திருச்சு, கம்ப்யூட்டர் மாத்துனதை நான் திரும்ப மாத்திட்டேன். இது பொய்க் கணக்குல வருமா, கைங்கரியத்துல வருமான்னு அவரு சாவகாசமாப் பாத்துக்கிடட்டும்.

அய்யோ, அதெல்லாம் பண்ண மாட்டான். அந்த மருந்தைக் கடையில தேடி வாங்கித் தின்னு வயித்தைப் புண்ணாக்கிக்குவான்னு நீங்க பயப்படுறது ஞாயந்தான், நானும் பயந்தேன். அதனால கடைசியில ஒரு வரி சேத்து வாசிச்சேன்: இனி இம்மாத்திரை தேவையில்லை, நாளும் நடந்தாலே போதும், இங்ஙனம் தலைமை மருத்துவர். எப்படி? ஒங்க டாக்டர்கூட அவ்வளவு சுத்தமாத் தமிழ் எழுத மாட்டாரு.

பொய் சொல்லுங்கன்னு ஒங்களைக் கேக்கலம்மா. அது என்னோட போகட்டும். நடக்குறீங்களா, தூக்கம் வருதா, கண்ணு ஆபரேஷனுக்கு எப்ப வர்றீங்கன்னு கேளுங்க. அவனா வாய்விட்டு, எனக்குக் குடுத்தது எதுன்னு கேட்டான்னா சொல்லிடுங்க, நான் தடுக்கல. கேக்க மாட்டான். அவனுக்குத்தான் தெரியுமே. டீக்கடையில நாலு பேரு முன்னாடி, பாவம்யா நம்ம முத்துராமன், பூவும் செவப்பு, மாத்திரையும் மாவுன்னு எனக்காக அனுதாபக் கூட்டம் நடத்துறான். தெனம் சாயங்காலம் தைலம் கொண்டாந்து என் முட்டியில தேய்ச்சுவிடுறான். நடக்குற முட்டியை நடக்காத முட்டின்னு நெனைச்சு என்னா அழுத்து அழுத்துறாங்கறீங்க! நல்லா இருந்ததே அதுல வலிக்க ஆரம்பிச்சுடும்போல.

அழகம்மாகிட்டயும் சொல்லல. எங்க வீட்டம்மா ஒரு ரகசியத்தைத் தெருமுனை வரைக்குந்தான் காப்பாத்துவா.

அந்தா, வர்றான் பாருங்க. வேகத்தைப் பாத்தீங்களா? நீங்க வந்திருக்கிறது காதுல விழுந்திருக்கும். எதுக்கு வர்றான்னு தெரியுமா? எனக்குச் சிபாரிசு பண்ண. அடுத்த ஆராய்ச்சியிலயாவது இவனுக்கு மருந்துள்ள மாத்திரையாப் பாத்துக் குடுங்கன்னு ஒங்ககிட்ட மன்றாடுவான். மொகத்தைச் சிரிக்காம வெச்சுக்கிட்டு, பாக்கலாம் ஐயான்னு சொல்லிடுங்க.

கையைக் கொஞ்சம் குடுங்கம்மா, எந்திரிச்சு நாலு எட்டு நடந்து காட்டணும். இல்லல்ல, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல.

நேத்து எந்தக் காலை நொண்டுனேன்னுதான் மறந்துபோச்சு.