ஆட்டுத் தழைக்கு வாங்கின ரம்பம்

மைக்கை வாங்கினதும் ‘ஊய்ங்’னு ஒரு கூவல்... முன்வரிசையில தூங்கிட்டிருந்த பாப்பா முழிச்சு அழுவுது. மன்னிச்சுக்கம்மா. ஆட்டை அதட்டி அதட்டி வளர்ந்த தொண்டை இது. அதோ பாருங்க, பொண்ணா அலங்காரம் பண்ணி உக்காந்திருக்கிற என் மக பூங்கோதை, அங்கேருந்தே கை காட்டுறா... ‘மைக்கைத் தள்ளிப் பிடிங்கப்பா!’ மக நிச்சயதார்த்தத்துல மேடையிலயே மககிட்ட திட்டு வாங்குற அப்பன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

காலையிலேருந்து என் மச்சான் தர்மலிங்கம், பொண்ணோட தாய்மாமன், என்னைத் துளைச்சு எடுக்கிறாரு. “என்ன மச்சான், மாப்பிள்ளை மதியழகன் வாயே திறக்க மாட்டேங்கிறாரு! நம்ம புள்ளை காலம் பூரா இவரோட எப்படி ஓட்டும்?” பொண்ணோட மனசு கலங்குற அளவுக்குச் சத்தமா வேற கேக்குறாரு. மச்சான்... உங்களுக்குப் பதில் சொல்ற அளவுக்கு நான் படிக்கல. ஒரு கதை சொல்றேன். பாயசம் செரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிரும்.

தினமும் காலையில என் ஆடுகளுக்கு அகத்தித் தழையும் சவுண்டல் தழையும் வெட்டிப் போடணும். பெரிய மரமில்ல... கை மொத்தத்துக்குக் கிளை. அருவா வீசி வீசித் தோள்பட்டை போச்சு. டாக்டர் சொல்லிட்டாரு, “பெரியவரே, இனி கையை ஓங்கக் கூடாது.” சரி, செயின் ரம்பம் வாங்குவோம்னு டவுனுக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி கேட்டாரு, “என்ன அறுக்கப் போறீங்க?”

ஆட்டுத் தழைன்னு சொல்ல எனக்கு வெக்கம்! பக்கத்துல ஒரு மீசைக்காரர் வேற நிக்கிறாரு. சொன்னேன், “மரம்.”

“என்ன மரம்?”

“எல்லா மரமும்!”

அவ்வளவுதான். புளிய மரத்தைச் சாய்க்கிற பெட்ரோல் ரம்பம் ஒண்ணைத் தூக்கிக் கொடுத்துட்டாரு. நானும் வீட்டுக்குக் கொண்டாந்து, சந்தனம் குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி... தெருவே பாக்கட்டும்னு வாசல்ல வச்சுக் கயிறை இழுத்தேன். கிளம்பல. இழுத்தேன்... கிளம்பல. எந்தத் தோளைக் காப்பாத்த வாங்கினேனோ, அந்தத் தோளைக் கழட்டித்தான் அதைக் கிளப்பணும்!

கிளம்பிச்சு பாருங்க... ‘டர்ர்ர்ர்ர்!’ ஆடெல்லாம் கயிறை அறுத்துக்கிட்டு ஊர் எல்லைக்கு ஓடிருச்சு. பிடிச்சுக் கொண்டாந்து தழையைப் போட்டா, எண்ணெய் வாடைன்னு மூஞ்சைத் திருப்புது. சம்சாரம் சொன்னா, “ஆட்டுக்குப் புல்லு நான் அறுத்துப் போடுறேன்... நீங்க அதைக் கட்டிக்கிட்டு அழுவுங்க.”

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. பூங்கோதை வீட்லேருந்தே கம்பெனி வேலை பாக்குறவ. காதுல போனை மாட்டிக்கிட்டு யார் யார்கிட்டயோ பேசணும். ஒரு அம்மா கேட்டாங்களாம், “ஏம்மா, உன் ஆபீசுக்குள்ள லாரி ஓடுதா?” மேலதிகாரி கூப்பிட்டு, “இன்னொரு தடவை இந்தச் சத்தம் கேட்டா, மூட்டையைக் கட்டிட்டு சென்னை ஆபீசுக்கு வந்திரணும்”னுட்டாரு.

என் மக படார்னு ஜன்னலைத் திறந்தா. “அப்பா! ஒண்ணு அது இந்த வீட்ல இருக்கணும்... இல்ல நான் இருக்கணும்!”

நான் என்ன பண்ணுவேன்? ரம்பத்தை நிறுத்தினேன். மறுநாள் அவளே என்னை அதே கடைக்குக் கூட்டிட்டுப் போனா. அதே தம்பி, அதே கேள்வி... “என்ன அறுக்கணும்?”

என் மக பளிச்சுன்னு சொல்றா, “ஆட்டுத் தழை, அண்ணா. கை மொத்தம் கிளை. தினமும் அறுக்கணும், ஆனா கொஞ்ச நேரம்தான். பக்கத்து ரூம்ல நான் போன் பேசிட்டிருப்பேன். அப்பாவுக்குத் தோள்ல வலி, கயிறு இழுக்க முடியாது.”

“அதை முதல்லயே சொல்லக் கூடாதா?”ன்னு அந்தத் தம்பி ஒரு சின்ன பேட்டரி ரம்பத்தை எடுத்து வச்சாரு. நான் சிரிச்சேன். “தம்பி, இதுல முருங்கைக்காய் நறுக்கலாமா?”

வீட்டுக்கு வந்து கிளையில வச்சு விசையை அமுக்கினேன். தையல் மிஷின் மாதிரி ஒரு முனகல். கையை எடுத்தா அதுவும் இல்ல. சத்தத்தைக் காணோமே, சார்ஜ் இல்லையோன்னு திருப்பித் திருப்பிப் பாக்குறேன்... சம்சாரம் கத்துறா, “அட, காலுக்குக் கீழ பாருங்க!” பாத்தா, கிளை விழுந்து ஆடு பாதியைத் தின்னு முடிச்சிருச்சு!

இப்ப சொல்லுங்க. நான் ஏன் ஏமாந்தேன்? கடைக்காரர் ஏமாத்தினாரா? இல்ல. அவர் வேலையைக் கேட்டாரு... நான் பெருமையைச் சொன்னேன்! நமக்குத் தினம் வேண்டியது என்ன? அதைக் கூச்சப்படாம சொல்லத் தெரிஞ்சவ என் மக. ரம்பத்தையும் அவதான் பாத்து எடுத்தா... மாப்பிள்ளையையும் அவதான் பாத்து எடுத்தா.

மச்சான்! கடைசிப் பந்தியில தண்ணி வைக்க ஆள் இல்லாம நம்ம ஆளுங்க ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் கத்திக்கிட்டிருந்தாங்களே... குடத்தைத் தூக்கிட்டுப் போய் ஊத்தினது யாரு? பட்டு வேட்டியோட மதியழகன்! நீங்க பாத்தீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. சத்தம் கேக்கல பாருங்க!

வாய் சத்தத்தை வச்சு ஆளை எடை போடாதீங்க. கிளை விழுந்துச்சான்னு பாருங்க. எல்லாரும் நல்லா இருக்கணும்.

மைக்கில் சொன்னது இவ்வளவுதான். தர்மலிங்கம் எழுந்து போய் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டார். நான் கீழே இறங்கிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று. அந்தப் பெட்ரோல் ரம்பம் இன்னும் ஆட்டுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில்தான் கிடக்கிறது. தை மாதம் கல்யாணம் முடிந்தால் பக்கத்து ரூமில் போன் பேச ஆள் இல்லை. நான் எப்போது வேண்டுமானாலும் அதை ஓட்டலாம். தோள் போனாலும் போகட்டும், ஒரு நாள் கயிற்றை இழுப்பேன். ஜன்னல் திறக்கிறதா என்று பார்க்கத்தான்.