ஹோலின் நடுவில் நின்ற தூண்

வேலை தொடங்கும் முன் எடுக்கிற முன் படம்தான் சேர் கஷ்டம். வேலை முடிந்த பின் படத்தை யாரும் எடுக்கலாம். புதுப் பெயின்டும் நாலு லைட்டும் இருந்தால் அது தானாக வடிவாக விழும். முன் படத்துக்குத்தான் யோசிக்க வேண்டும். ஜன்னலைச் சாத்தி, கொடியில் பழைய சாரன் இரண்டைத் தொங்கவிட்டு, மூலையில் கால் உடைந்த கதிரையைப் போட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிற சனம் பின் படத்தைக் கண்டதும் மாஷா அல்லாஹ் என்று எழுதும். கறையான் அரித்த அலுமாரியை ஷோகேஸ் ஆக்கியது, பழைய அடுப்படியைப் புதுக் குசினி ஆக்கியது என்று நான் போட்ட வீடியோக்களைக் கல்முனையில் பாதிப் பேர் பார்த்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பார்கள்.

உங்களுக்கு முன் விசாரிக்க வந்த பொலிஸ்காரர்கள் என்னிடம் சீமெந்தைப் பற்றிக் கேட்டார்கள், கம்பியைப் பற்றிக் கேட்டார்கள், மழையைப் பற்றியும் கேட்டார்கள். நீங்கள் ஒருவர்தான், அன்றைக்கு ஏன் மகளைப் போகவிடவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். ஆனால் அதைத் தூணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுத்த உடுப்போடு வந்து அங்கே குடியேறுவான். நான் சாய்ந்தமருதில் றினோஸாவை நிக்காஹ் செய்து வந்தபோது அந்த வீடு நாலு சுவரும் தகரக் கூரையும்தான். மாமி சல்மா உம்மா என்னைக் கூப்பிட்டு, “இது மூத்தவட வீடு மகன். எளையவளுக்கு நற்பிட்டிமுனைக் காணியில ஒண்டு கட்டிக் குடுப்பம். ஒங்கட வீடெண்டு நெனச்சிக் கட்டுங்க” என்றா. வீட்டு உறுதிப் பத்திரம் மாமியின் பேரில்தான் இருந்தது. மாமியிடம் போய் உறுதியைக் கேட்கிற மருமகன் எந்த ஊரில் இருக்கிறான்?

ஆகவே என் வீடென்று நினைத்துக் கட்டினேன். கிழமை முழுக்க ஊரார் வீட்டில் வேலை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து என் வீட்டில் வேலை. தகரத்தைக் கழற்றி மேலே கொங்கிறீட் சிலாப் போட்ட அன்று றினோஸாவின் வயிற்றில் அஸ்னா. அந்த வயிற்றோடு அவள் அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். ஹோல் அகலமாக வந்துவிட்டதால் நடுவில் ஒரு தூண் நிறுத்தினேன். சிலாப்பைத் தாங்குகிற பீம் அதன் தலையில்தான் உட்கார்ந்திருந்தது. அஸ்னா நடை பழகியது அந்தத் தூணைப் பிடித்துத்தான். ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாள், தலை சுற்றி விழுவாள், திரும்பவும் எழும்பிப் பிடிப்பாள்.

பிறகு றினோஸாவின் தங்கச்சி ஜெமீலாவுக்கு மாப்பிள்ளை பேசினார்கள். கந்தோரில் நல்ல வேலை, நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் வாப்பா காலிதீன் ஹாஜியார் தன் ஆட்களோடு பெண் பார்க்க வந்த பின்னேரம், நான் வளவில் ஒரு அலுமாரிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். றினோஸா நாலு நாளாக அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்: போட்டிருக்கிற சேட்டு மாற்றவேண்டாம், வேலையைப் பாருங்கள், கூப்பிட்டால் வாருங்கள். மாமி கூப்பிட்டா. போனேன்.

ஹாஜியார் ஹோலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தூணைத் தட்டினார். “வீடு சோக்கா இரிக்கி. இது மட்டும் நடுவுல நிண்டு கண்ணக் குத்துது. பாஸ், இத எடுக்க ஏலாதா?”

பாஸ் என்று அவர் கூப்பிட்டது என்னை. மேசனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் பிழையில்லை, நான் மேசன்தான். நான் மாமியைப் பார்த்தேன். இவர் எங்கட மூத்த மருமகன் என்று மாமி சொல்லுவா என்று காத்திருந்தேன். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நான் பதித்த தரை மாபிளைப் பார்த்தா. அந்த நேரம் திரையை விலக்கிக்கொண்டு றினோஸா தட்டோடு வந்தாள். சரி, இவள் சொல்லுவாள் என்று நினைத்தேன். தட்டில் ஷோகேஸ் கோப்பைகளும் சோசர்களும் இருந்தன. ஓரத்தில் ஒரு கிளாஸ். கூலிக்கு வருகிற ஆட்களுக்கு நாங்கள் தேத்தண்ணி கொடுக்கிற கிளாஸ். அவள் எல்லோருக்கும் கோப்பையைக் கொடுத்துவிட்டு எனக்கு அந்தக் கிளாஸை நீட்டினாள்.

நன்றாகக் கேளுங்கள் சேர். ஹாஜியார் என்னைப் பாஸ் என்று கூப்பிட முன்னமே அந்தக் கிளாஸில் தேத்தண்ணி ஊற்றியாகிவிட்டது.

வாங்கிக் குடித்தேன். ஹாஜியார் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம் ஹாஜியார், எடுக்கலாம்” என்றேன்.

அவர்கள் போன பிறகு றினோஸாவிடம் கேட்டேன். அவள் கோப்பைகளைக் கழுவியபடியே பதில் சொன்னாள். “நல்ல எடம் மச்சான், கைய விடக் குடாதெண்டு உம்மா சொன்னா. கட்டின வீடு கேக்காங்க, இத ஜெமீலாவுக்குக் குடுக்குறம். மூத்த மருமகன் இதுக்குள்ள இரிக்காரெண்டா யோசிப்பாங்கதானே? நிக்காஹ் முடிஞ்ச பொறகு சொல்லிக்கலாம். ஒங்களுக்குக் கையில தொழில் இரிக்கி. நாம நற்பிட்டிமுனையில கட்டிக்குவம்.”

“எப்ப முடிவெடுத்தீங்க?”

“நோம்புக்கு முதல்லேயே.”

நோம்பு முழுக்க என்னோடு உட்கார்ந்து நோம்பு திறந்தவள் அவள். பெருநாளைக்கு வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட் அடிப்பம் என்று கேட்டவளும் அவள்தான். நான் சொன்ன கலரை விட்டு ஜெமீலாவுக்குப் பிடித்த கலரைச் சொன்னாள், அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் கையை ஓங்கவில்லை, சேர். சத்தம் போடவுமில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், நல்ல மனிசன் என்றுதான் சொல்லுவார்கள்.

தூணை எடுக்க முறை இருக்கிறது. முட்டுக் கொடுத்து, ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரைக்கும் இரும்பு பீம் ஏற்றி, அதன்மேல் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் தூணில் கை வைக்க வேண்டும். அது எல்லா மேசனுக்கும் தெரியும். நான் முட்டுக் கொடுத்தேன், தூணை உடைத்தேன், பிறகு அந்த முட்டுகளையும் எடுத்தேன். இரும்பு ஏற்றவில்லை. அந்த இடத்தை மறைத்து ஜிப்சத்தில் ஒரு பொய் பீம் செய்து, தேக்கு மாதிரி ரேகை வரைந்து, அடியில் மஞ்சள் லைட் வைத்தேன். நான் செய்த வேலைகளிலேயே வடிவான வேலை அதுதான். வீடியோவுக்கு வந்த பாராட்டைக் கொஞ்சமென்று சொல்ல முடியாது. நிக்காஹ் அன்று அந்த ஹோலில் அத்தனை சனம் இருந்து சாப்பிட்டது. நான் வாசலில் நின்று ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் ஹாஜியாருக்கு நான் யாரென்று தெரியவந்தது. மனிசன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “தெரியாமக் கதச்சிட்டன் தம்பி, மாப்புத் தாங்க” என்றார். அந்த வீட்டு விசயத்தில் என்னிடம் மாப்புக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாங்கள் நற்பிட்டிமுனையில் வயலோரத்துத் தகரக் கொட்டிலுக்குப் போனோம். மாமி ஜெமீலாவோடு இருந்துகொண்டா. சில மாதம் கழித்து ஜெமீலா ஃபோன் எடுத்தாள். “மச்சான், சீலிங்ல ஒரு கோடு மாதிரி இரிக்கி.” போய்ப் பார்த்தேன். கோடு இல்லை, வெடிப்பு. பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டு வந்தேன். அவள் பொரித்த மீனோடு சோறு தந்தாள், சாப்பிட்டேன். அவள் கெட்ட பிள்ளை இல்லை. பொருளைக் கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மாரி மழை பிடித்த பிறகு மறுபடி ஃபோன் எடுத்தாள். “ஹோல் கதவு இறுகுது மச்சான், சாத்தவே ஏலாமக் கெடக்கு.” மழைக்குப் பலகை ஊதியிருக்கும் என்று அவளுடைய மாப்பிள்ளை சொன்னானாம். நல்ல பையன், கந்தோர் ஆள். போய்ப் பார்த்தால் பலகை ஊதவில்லை. கதவு நிலைதான் கீழே அமர்ந்திருந்தது. மேலே தண்ணீர்த் தாங்கி, சிலாப்பில் தேங்கிய மழை, அவ்வளவும் நிலையின் தலையில் இறங்கத் தொடங்கியிருந்தது. எல்லாரையும் வெளியே எடுக்க எனக்கு ஒரு சொல் போதும். நான் சீவுளி எடுத்துக் கதவின் மேல் ஓரத்தைச் சீவினேன். கதவு நன்றாகச் சாத்துப்பட்டது. “கை பட்டாச் சரிதான்” என்று மாமி சிரித்தா.

அடுத்த நாள் காலை றினோஸா வெளிக்கிட்டாள். ஜெமீலாவுக்கு ஏழாம் மாதம், எல்லோருமாகப் பலகாரம் சுடப் போகிறோம் என்றாள். அஸ்னா புதுச் சட்டை போட்டுச் சப்பாத்தையும் மாட்டிவிட்டாள். மழை விடவில்லை. நான் கொட்டிலுக்குள் இருந்து ஒரு கதிரைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“புள்ளைக்கி இருமல், அவ நிக்கட்டும்” என்றேன்.

“எனக்கு இருமல் இல்லயே வாப்பா” என்றாள் அஸ்னா.

றினோஸா அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு குடையை எடுத்தாள். வாசல் கடப்படிக்குப் போனவள் திரும்பி, “ஒங்களுக்குப் பலகாரம் கொண்டு வரவா மச்சான்?” என்று கேட்டாள்.

போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லும் வாயில் வந்தது. அதோடு அந்தக் கிளாஸும் ஞாபகம் வந்தது.

“ஓம்” என்றேன்.

மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் நேரம், சிலாப் விழுந்து எல்லோரும் போய்விட்டார்கள் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். றினோஸா, ஜெமீலா, மாமி மூன்று பேரும் அந்த ஹோலில்தான் இருந்திருக்கிறார்கள், லைட் வெளிச்சம் அங்கேதான் நல்லதாம். விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அது விபத்தில்லை, சேர். நான்தான் செய்தேன். தூணை எடுத்தபோது செய்தேன், வெடிப்பைப் பூசியபோது செய்தேன், கதவைச் சீவியபோது செய்தேன். றினோஸாவை அங்கே அனுப்ப அந்த ஓம் போதுமாக இருந்தது. அஸ்னாவை ஏன் மறித்தேன் என்று கேட்டீர்கள். அவள் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வீடு போகவில்லை. சிலாப் மட்டும்தான் விழுந்தது, சுவரெல்லாம் நல்ல சுவர், நான் கட்டியது. ஜெமீலாவின் மாப்பிள்ளை அந்தப் பக்கமே இனி வரமாட்டேன் என்கிறான். சுற்றி வளைத்துப் பார்த்தால் கடைசியில் அது அஸ்னாவுக்குத்தான் வரும், பெண் பிள்ளைக்குத்தானே வீடு. இதில் எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமென்று காட்டினால் வைத்துவிட்டு நான் போகலாம். மழை விட்டிருக்கிறது, கல்லுமண்ணை அள்ள நல்ல நாள். முன் படம் எடுத்தாகிவிட்டது. இந்த முறை தூணை அதே இடத்தில் நிறுத்துவேன், அஸ்னா பிடித்து நடந்த அதே இடத்தில். அன்றிலிருந்து பிள்ளை என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. வீடு முடியட்டும், கதைப்பாள்.