பக்கத்து வீட்டு அம்மா

நாகலாபுரம் போகும் சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலை முடித்து வருகிறவள். மற்றவள் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, சந்தைக்கு வந்தவள்.

"நேத்து பள்ளிக்கூடத்துல பெத்தவங்க கூட்டத்துல உன் மகளுக்கு நான்தான் அம்மா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எம்மவனுக்காகப் போனேன். உனக்கு லீவு கெடைக்காதுல்லா, அவளுக்கும் நானே நின்னேன்."

"டீச்சர் என்ன மதினி சொன்னாவ?"

"போர்டுல எழுதுறது அவளுக்குத் தெரியலையாம். கண்ணுலதான் கோளாறாம். முன் பெஞ்சுல உக்கார வைங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

தீப்பெட்டி ஆபீஸ்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள்.

"படிப்பு ஏறலன்னுல்லா நெனச்சேன். படிப்ப நிறுத்தி அவளையும் வேலைக்குக் கூட்டிட்டு வாரேன்னு கணக்கப்பிள்ளைட்ட சொல்லிட்டேன் மதினி."

"இப்ப என்ன செய்யப்போற?"

"நாளைக்கு வேலைக்குப் போகல. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னால, நீ மக்கு இல்ல ஏட்டின்னு அவகிட்ட சொல்லணும்."