உமலுக்குள் ஒரு சேவல்

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் ஒரு பெரியவர், மடியில் உமல் எனும் பனையோலைப் பை. உமலுக்கு வெளியே ஒரு சேவலின் தலை. பக்கத்தில் இருந்த பெண் அதையே பார்த்துக்கொண்டு வந்துவிட்டுக் கேட்டார்:

“ஐயா, உது கலப்பில்லாததோ?”

“ஓம் பிள்ளை. தனி ஊர்ச் சேவல். எங்கடை ஒழுங்கையிலை இது ஒண்டுதான் மிச்சம்.”

“என்னட்டை ஒரு ஊர்ப் பேட்டுக்கோழி நிக்குது. சுத்திவர எல்லாரும் பண்ணைக் குஞ்சு வாங்கி விட்டு, இப்ப நிக்கிற சேவலெல்லாம் கலப்பு. அதுகளுக்குப் பிறக்கிற பேடுகள் முட்டை இடும், அடை கிடக்காது.”

“முந்தி மாரி முடிய, தாய்க்கோழி குஞ்சுகளோடை முத்தத்திலை இறங்கும். பருந்தைக் கண்டு ஒரு சத்தம் போட்டால், அவ்வளவும் செட்டைக்குள்ளை.”

“என்ரை பேடு இப்பவும் அப்பிடித்தான். ஆனா பொரிக்கிறது கலப்புக் குஞ்சு. இதை எங்கை கொண்டுபோறியள்?”

“அரியாலைக்கு, மகள் வீட்டை. மருமகன் கனடாவிலையிருந்து வந்து நிக்கிறார். அந்தக் காலத்து ஊர்க்கோழிக் கறியின்ரை ருசி இன்னும் நாக்கிலை நிக்குதாம்.”

சேவல் ஒருமுறை கூவியது.

“நானும் அரியாலைதான். மருமகன் எப்ப திரும்பிப் போறார்?”

“வாற மாசம்.”

“அப்ப கறியைக் கடைசிக் கிழமைக்கு வையுங்கோ. அதுவரைக்கும் உது எங்கடை வளவிலை என்ரை பேட்டோடை நிக்கட்டும்.”

“அவருக்கு நான் என்ன சொல்லுறது?”

“அடுத்தமுறை வரேக்கையும் இந்த ருசி வேணுமோ எண்டு கேளுங்கோ.”

பஸ் நிலையத்தில் இறங்கும்போது உமல் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.