தலைப்பிரசவம்

எண்பதுகளின் தொடக்கம். போடியிலிருந்து ராசிங்காபுரம் போகும் பஸ்சில் எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும் மடியில் பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மலேசியாவில் வாழ்க்கைப்பட்டவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“என்னையப் பிரசவத்துக்கு இந்த ஊருக்குக் கூப்பிட்டதுலதான்டி எம்மகன் வெளையாட்டே போச்சு” என்றார் அக்கா.

“பெறந்த ஊருக்கும் பந்து வெளையாட்டுக்கும் என்னக்கா?”

“ரக்பிடி. முட்டை மாதிரி ஒரு பந்து. அந்த நாட்டுக்காக வெளையாடுற சின்னப்பசங்க டீமுல சேரணும்னா அங்கனயே பெறந்திருக்கணுமாம். எம்மகன் சர்ட்டிபிகேட்டுல போடிநாயக்கனூர்னு இருக்கு. என் ஓரகத்தி மகன் அங்கன பெறந்தவன். அவனைச் சேத்துக்கிட்டாங்க.”

“அவன் நல்லா வெளையாடுவானோ?”

“எங்கிட்டு! எம்மகன் ஓடுனா அவனால தொடக்கூட முடியாது. இப்ப அவ, நாட்டுச் சின்னம் போட்ட அந்தச் சட்டைய என் வாசலுக்கு நேராக் காயப்போடுறா. அழுக்கே இல்லாததை ஒரு நாளைக்கு ரெண்டு தடவ அலசுறா.”

“நீயும் அங்கனயே பெத்திருக்கலாம்ல?”

“ஆத்தா விட்டாளா? தலைப்பிரசவம் தாய்வீட்லதான்னு காயிதம் மேல காயிதம் போட்டா. ஓரகத்தி குடுத்துவச்சவ. பெத்த தாயி இல்ல, கூப்பிட ஆளில்ல. இருந்த எடத்துலயே பெத்துக்கிட்டா.”

தங்கை சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மெல்லப் பேசுக்கா. ஆத்தாவோட பதினாறாம் நாள் காரியத்துக்கு வாங்குன சாமானை மடியில வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?”