தொடையிலிருந்து தோளுக்கு

மதுரை பஸ் சின்னாளபட்டியைத் தாண்டியபோது முன் சீட்டிலிருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம், "என் தொடையில வார் உரிச்சுத் தோள்ல கட்டப் போறாங்களாம் மாப்ளே" என்றார். பேப்பர் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்த நான் அதையும் மறந்து காதை நீட்டினேன்.

இருவரும் தோல்ஷாப்பில் தோல் பதனிடும் வேலை பார்ப்பவர்கள் என்பதை வாசனையே சொல்லிவிட்டது.

"தொட்டியிலேருந்து ஈரத்தோலைத் தூக்குறப்பல்லாம் தோள்மூட்டு நழுவுது. இன்னொரு தடவ நழுவுனா வேலைக்கு வராதேன்னுட்டாரு மொதலாளி. டாக்டர் ரெண்டு வழி சொல்றாரு. தோள்ல கிழிஞ்சு கெடக்குறதையே இழுத்துத் தைக்கலாம், இல்லாட்டி தொடையில எடுத்துக் கட்டலாம். எதுன்னு இன்னிக்குச் சொல்லணும்."

"தொடைத்தோல் இழுபடும் மச்சான். முதுகுத் தோல்தான் கெட்டி, அங்க எடுக்கச் சொல்லுங்க."

"நானும் அதத்தான் சொன்னேன். டாக்டர் சிரிச்சுட்டாரு. அவரு எடுக்குறது தோல் இல்லியாம், அதுக்கு அடியில இருக்குற சவ்வாம்."

"நாம சுரண்டி எறியுறோமே, அந்தச் சவ்வா? குப்பைக்குப் போறதையா கட்டுவாங்க?"

"ஏலே, அதச் சுரண்டித்தானே கத்தி மழுங்குது! அம்புட்டு லேசுல வருதா? எத்தன நாளு அதோட மல்லுக்கட்டியிருக்கோம்! அதவிடக் கெட்டியா வேற என்ன இருக்கு? தொடையிலயே எடுக்கச் சொல்லப் போறேன்."

மாப்பிள்ளை தன் தொடையை ஒரு தரம் மரியாதையோடு தடவிப் பார்த்துக்கொண்டார்.

நானும்தான்.