கறுப்புத் திரையில் ஒரு வரி

"ஒரே ஒரு வரி அடிச்சான், கம்ப்யூட்டர் ஓடுது. அப்போ கெடுத்ததே அவன்தான், குரு!"

ஈஜிபுரா பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர், மடியிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டி நண்பரிடம் சொன்னார்.

"யாரு, ரிப்பேர்காரனா?"

"ஆமா. கறுப்பு ஸ்கிரீன்ல ஏதோ தட்டினான். ஸ்டார்ட் ஆகிற இடம் மட்டும்தான் கெட்டிருந்துச்சாம், பொண்ணோட ப்ராஜெக்ட் பத்திரமா இருக்காம். நம்பலாமா? நாளைக்குக் காலேஜ்ல கொடுக்கணும்."

"எப்போலேர்ந்து ஓடலை?"

"ஆயுத பூஜையிலேர்ந்து. பொண்ணு புது சாஃப்ட்வேர் ஏத்திட்டிருந்தா. பூஜைக்கு நேரமாச்சுன்னு நான்தான் பிளக்கைப் பிடுங்கிட்டுப் பொட்டு வெச்சேன்."

நண்பர் பெட்டியிலிருந்த குங்குமப் பொட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பூஜையைக் குறை சொல்ல எனக்கும் மனம் வராது. பெட்டியை வைத்திருந்தவர் அந்தக் குங்குமத்தை மெல்ல உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.